சாமியாரின் பை

லாரியில் அவருக்கு ஒரே ஒரு பை. இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு, பிரஷ், ஊசி நூல். சோப்பைப் பாதியாக நறுக்கித்தான் எடுத்துவருவார். ஒருமுறை துண்டையும் பாதியாகக் கிழித்தார். மனைவி பேச்சை நிறுத்திக்கொண்டாள். அதன்பின் முழுத் துண்டுக்குத் திரும்பினார்.

வீடு மாற்றித் தரும் நிறுவனம் அது. ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் சாமான்களைக் கட்டி, ஏற்றி, கொண்டுபோய் இறக்கிப் பிரித்து வைத்துவிட்டு வர வேண்டும். மற்றவர்களின் பீரோக்களையும் கட்டில்களையும் சுமந்தே அவருக்கு ஐம்பது வயதாகிவிட்டது. சொந்தமாக எதையும் சுமக்கப் பிடிக்காமல் போனது அதனால்தானோ என்னவோ. மற்ற ஓட்டுநர்கள் அவரைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். கோபப்படுவதுபோல் காட்டிக்கொள்வார். உள்ளுக்குள் பிடிக்கும்.

சென்ற வருடக் கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். ஒரு கணம்தான். லாரி சாலையை விட்டு இறங்கி ஒரு வேலிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறுவனம் அவரை மருத்துவரிடம் அனுப்பியது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, எவ்வளவு நேரம் படுத்தாலும் அவர் உண்மையில் தூங்குவதில்லை என்றார் மருத்துவர். ஒரு மெஷின் கொடுத்தார். இரண்டு செங்கல்லை ஒட்டி வைத்த அளவு. அதிலிருந்து ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கைக் கவ்வும் முகமூடி. இரவெல்லாம் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். யார் எவ்வளவு நேரம் போட்டுக்கொண்டார்கள் என்பதை அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு மாதம் விடாமல் போட்டிருந்தால்தான், லாரி ஓட்டலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போடுவார். அதுவரை தற்காலிக அனுமதி. இடையில் விட்டால் லாரி வேறு ஆளுக்கு.

மெஷினோடு ஒரு கறுப்புப் பையும் வந்தது. தோளில் மாட்ட வாரும், பெயர் எழுத அட்டையும் இருந்தன. அவர் அதைப் பரணில் போட்டார். மெஷினைச் சட்டையில் சுற்றித் தன் பழைய பைக்குள் திணித்தார். அது உள்ளே போவதற்காக இன்னொரு சட்டை வெளியே வந்தது.

"இன்னொரு பை எடுத்துட்டுப் போனா என்ன?" என்றாள் மனைவி.

"எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்த்துட்டு?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மனைவி தன் தம்பியை அவரோடு அனுப்பிவைத்தாள். மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். நாற்பது வயது, கனத்த உடம்பு. லாரி ஓட்ட உரிமம் இருந்தது, பழக்கம் போதாது. அந்த வேலையை விட்டுவிட்டுத் துணை ஓட்டுநராக வந்தான். முதல் பயணத்தில் இரண்டு பைகள், ஒரு தலையணை, ஒரு பிளாஸ்க், ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து நின்றான்.

"என்ன மாப்ள, வீடு மாறப்போறது பார்ட்டியா, நீயா?"

"தலையணை மாறினா எனக்குக் கழுத்துப் பிடிச்சுக்கும் மாமா."

"நாற்காலி?"

"உக்காரத்தான்."

"வண்டியில சீட்டு இருக்கே."

"வண்டியும் சீட்டும் உங்களுது. இது என்னுது."

தன்னைக் கண்காணிக்க வந்தவன், அதுவும் இத்தனை மூட்டையோடு வந்தவன் என்று அவருக்கு மனத்தாங்கல். வெளியே சொல்லவில்லை. மூட்டையைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மருத்துவர் சொன்ன மாதம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு பல் டாக்டரின் வீட்டைக் கட்டப் போனார்கள். தனியாக இருக்கும் அம்மாள். ஒரு பூனை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் புது வேலை.

லாரியின் இஞ்சினை நிறுத்தியபின் மெஷின் ஒரு பேட்டரியில் ஓடும். அன்று காலை பேட்டரியில் சார்ஜ் இறங்கியிருந்தது. மெஷினையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு அவர் டாக்டரின் சமையலறைக்குப் போனார்.

"ஒரு சார்ஜ் போட்டுக்கலாமாம்மா?"

"போட்டுக்குங்க. இனிமே கரண்ட் பில் வேற யாருக்கோ."

அது என்ன என்று டாக்டர் கேட்கவில்லை. அவர் மிக்ஸிக்கும் டோஸ்டருக்கும் நடுவில் மெஷினை வைத்து ஒயரைச் சொருகினார். பிறகு வேலை தொடங்கியது.

கட்ட ஆரம்பித்துவிட்டால் அவருடைய கைகள் அவரைக் கேட்பதில்லை. காற்றுக்குமிழ்த் தாளை விரிக்கும், பொருளை உருட்டும், டேப்பை இழுக்கும், ஓரத்தை மடித்துவிடும். கண் அடுத்த அலமாரிக்குப் போயிருக்கும். மனம் வேறெங்காவது இருக்கும். மதியத்துக்குள் வீடு காலியானது. சமையலறைப் பெட்டிகள் முதலில் ஏறி, லாரியின் உள்முனைக்குப் போயின. அவற்றுக்கு முன்னால் குளிர்பெட்டி, பீரோ, புத்தகங்கள். கடைசியாக சோபா, கட்டில், மெத்தை.

டாக்டரின் கண்ணெதிரே பின்கதவைச் சாத்திக் கம்பியில் சீல் போட்டார்கள். இனி பார்ட்டி பார்க்கத்தான் அதை அறுக்க வேண்டும். நடுவழியில் அறுத்தால் நிறுவனம் காரணம் கேட்காது, கணக்கை முடித்து அனுப்பிவிடும். டாக்டர் பூனைக்கூண்டோடு ரயிலுக்குப் போனார்.

அவர் தன் பையை எடுத்து ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வீசினார். பை இலேசாக இருந்தது. அவருக்குப் பழகிய, பிடித்த கனம் அது. கொஞ்ச நாளாக அது இல்லாமல் இருந்தது. ஏன் திரும்பி வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. சந்தோஷமாக வண்டியை எடுத்தார்.

வெயில் சாயும்போது லாரிகள் நிறுத்தும் ஒரு மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு டீக்கடை, ஒரு குளியலறை, பத்துப் பதினைந்து லாரிகள். மறுநாள் மலைப்பாதை. கை கால் கழுவிக்கொண்டு வந்து பையைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

"மாப்ள, மெஷின எடுத்து வச்சியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? நீங்கதான சார்ஜ் போட்டீங்க."

"ஆமா. மிக்ஸி பக்கத்துல."

"மிக்ஸிய யாரு கட்டினது?"

அவர் லாரியின் பின்கதவைப் பார்த்தார்.

இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. ஒருவர் குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டியவர். இன்னொருவர் தன் செருப்பையே கட்டிவிட்டு வெறுங்காலோடு வண்டி ஓட்டியவர். அந்தக் கதைகளுக்கெல்லாம் அவர் சிரித்திருக்கிறார். பெயர் எழுதிய கறுப்புப் பையில் வைத்திருந்தால் எந்தக் கையும் அதைத் தொட்டிருக்காது.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. "உங்க மூக்க நீங்களே கட்டி ஏத்திட்டீங்களே மாமா."

"சிரிச்சு முடி."

"முடிச்சுட்டேன். இப்ப என்ன பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். போடாம படுத்துக்கறேன். போய்ச் சேர்ந்து இறக்கும்போது கிடைச்சுடும்."

"மெஷின் குடுத்த டாக்டர் கையெழுத்து?"

"கரண்ட் இல்லன்னு சொல்லிக்கலாம்."

"காலையில மலை ஏறணும்."

"நான் ஏறாத மலையா?"

"முழிச்சுக்கிட்டு ஏறினீங்களா, தூங்கிக்கிட்டே ஏறினீங்களான்னு யாருக்குத் தெரியும்?"

அவர் முறைத்தார். மச்சினன் உள்ளே கையை நீட்டி லாரிச் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அப்ப நீ ஓட்டு."

"மலையிலயா? எனக்குப் பயம். நான் ஓட்டினாலும் உருளும், நீங்க ஓட்டினாலும் உருளும். அந்தம்மாவுக்கு போனப் போடுங்க. சீல அறுக்கணும்னு கேளுங்க."

"பல்லப் புடுங்கற அம்மா. வேலையவும் புடுங்கிடும்."

"கேக்காம எப்படித் தெரியும்?"

"என்னன்னு கேக்கறது? மூச்சு விட மெஷின் வேணும், அதைக்கூட பத்திரமா வச்சுக்கத் தெரியாத ஆளு உங்க வீட்ட ஓட்டிட்டு வர்றேன்னா?"

மச்சினன் நாற்காலியை விரித்து உட்கார்ந்தான்.

"அக்கா ராத்திரியெல்லாம் உக்காந்திருக்கும் மாமா. சின்ன வயசுல உங்க வீட்டுக்கு வந்து தங்கும்போது பார்த்திருக்கேன். உங்க மூச்சு நின்னா விலாவுல ஒரு குத்து. நீங்க புரண்டு படுப்பீங்க. காலையில எந்திரிச்சு, நல்லாத் தூங்கினேன்னு சொல்லுவீங்க. அது டீ போட்டுக் குடுக்கும்."

"அவ சொன்னதே இல்லையே."

"சொன்னா உங்க பை கனத்துடும்ல."

அவர் லாரியின் படியில் உட்கார்ந்தார்.

"எதுக்குக் கடைய விட்டுட்டு வந்தேன்னு நெனச்சீங்க? உங்க சோப்பு பாதியா முழுசான்னு பார்க்கவா? ரோட்டுல உங்கள யாரு குத்தறதுன்னு அக்கா அழுதுச்சு. எனக்குத் தூக்கம் லேசு. அதனால நான் வந்தேன். நாற்காலிய வேற கிண்டல் பண்றீங்க."

அவர் போனை எடுத்தார். டாக்டரின் எண்ணை அழுத்தினார். ரயில் ஓடும் சத்தம் முதலில் வந்தது. பிறகு பூனை. பிறகு டாக்டர்.

"சொல்லுங்க, என்ன உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையல டாக்டர். என் சாமான் ஒண்ணு உங்க சாமானோட கலந்துபோச்சு. தப்பு என் பேர்லதான்."

"என்ன சாமான்?"

அவர் சொன்னார். சுருக்கமாகச் சொல்ல நினைத்தார். வேலிக் கம்பம் வரை போய்விட்டது. மறுமுனையில் ரயில் ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்த சார்ஜ் போட்ட மெஷின்தானே? பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. அதப் போட்டுக்கறவங்க வாய் உலருதுன்னு என்கிட்ட வருவாங்க."

"நீங்க ஒண்ணும் கேக்கலையே."

"நீங்களும் ஒண்ணும் சொல்லல. சீல அறுத்து எடுத்துக்குங்க."

"சமையலறைப் பெட்டியெல்லாம் உள்கோடியில இருக்கு டாக்டர். முன்னால இருக்கற எல்லாத்தையும் இறக்கணும். இது மண்ணு மைதானம்."

"மண்ணுதானே, தட்டினா போயிடும். நாளைக்கு என் வீட்டோட நீங்க மலையில உருண்டா நான் எதைத் தட்டறது? உங்க ஆபீசுக்கு நானே பேசி, நான்தான் திறக்கச் சொன்னேன்னு சொல்லிடுறேன்."

அவர் ஏதோ சொல்ல முயன்றார்.

"வெளிச்சம் இருக்கும்போதே தேடுங்க," என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

கம்பியை அறுத்தார்கள். மெத்தை இறங்கியது, கட்டில் சட்டங்கள் இறங்கின, சோபா இறங்கியது. சத்தம் கேட்டு மற்ற ஓட்டுநர்கள் வந்தார்கள்.

"என்ன சாமியாரே, சன்னியாசத்த விட்டாச்சா? குடித்தனம் வைக்கிறீங்க?" என்றார் டேங்கர் ஓட்டுபவர்.

"ஒரு பெட்டி தேடறோம்."

"என்ன பெட்டி?"

அவர் கையில் புத்தகப் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தார். எதையாவது சொல்லி மழுப்பலாம். மச்சினன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூங்கும்போது மூக்குல மாட்டிக்கற மெஷின். அது இல்லன்னா எனக்கு மூச்சு நின்னு நின்னு வருது."

டேங்கர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப அந்தச் சத்தம் நீங்கதானா? போன தடவ பக்கத்துல நிறுத்தியிருந்தேன். யாரோ ஹாரன் அடிக்கறாங்கன்னு எந்திரிச்சு வண்டியத் தள்ளி நிறுத்தினேன்யா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் டேங்கர்க்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு லாரிக்குள் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். பீரோவை நான்கு பேர் தூக்கினார்கள். குளிர்பெட்டியை அவர் காட்டிய விதத்தில் சாய்க்காமல் இறக்கினார்கள். யாரையும் அவர் கூப்பிடவில்லை.

சமையலறை என்று எழுதிய பெட்டிகள் வெளியே வந்தன. எழுத்து அவருடையது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். தட்டுகள், டம்ளர்கள், கரண்டிகள். மிக்ஸி இருந்த பெட்டியில் அதற்குக் கீழே இருந்தது மெஷின். குமிழ்த் தாள் இரண்டு சுற்று. குழாய் வட்டமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடப்பட்டிருந்தது. முகமூடி நசுங்காமல் உள்ளே துணி திணித்திருந்தது. பேட்டரி தனியாக.

மச்சினன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டினதுல மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது மாமா."

அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. இருட்டில் ஏற்றினால் எது எதன் மேல் சாய்கிறது என்று தெரியாது. காலையில் ஏற்றலாம் என்று முடிவானது. டாக்டர் மறுபடி கூப்பிட்டார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது டாக்டர். மிக்ஸிக்குக் கீழ."

"கட்டில் எங்க இருக்கு?"

"வெளியதான். காலையில ஏத்திடுவோம். தார்ப்பாய் போட்டு மூடிடுறோம்."

"எதுக்கு மூடறீங்க? வெளியதான் இருக்கே, அதுலயே படுங்க."

"ஐயோ, வேணாம்மா."

"பூனை தினமும் படுக்குது. நீங்க படுத்தா என்ன?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மச்சினன் எழுந்து போய்க் கட்டில் சட்டங்களை எடுத்துக்கொண்டு வந்தான். நான்கு போல்ட்டுகள். தூங்கிக்கொண்டே மாட்டக்கூடிய வேலை. மைதானத்தின் நடுவில் கட்டில் நின்றது. மெத்தையை உறையோடு போட்டு, மேலே அவருடைய துண்டை விரித்தார்கள். டீக்கடைக்காரர் நீளமான ஒயர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். பேட்டரியே தேவைப்படவில்லை.

மச்சினன் மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினான். "நல்ல சரக்குதான். நான் வித்திருந்தா இன்னும் கொஞ்சம் கெட்டியா குடுத்திருப்பேன்."

அவர் முகமூடியை மாட்டிக்கொண்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். டேங்கர்க்காரர் குனிந்து, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். முகமூடியைக் கழற்றிச் சொன்னார். மறுபடி மாட்டிக்கொண்டார். தன் வீட்டில்கூட விளக்கை அணைத்த பிறகுதான் அவர் அதை மாட்டுவது வழக்கம்.

படுத்தார். தலைமாட்டில் பீரோ, கால்மாட்டில் குளிர்பெட்டி, மேலே வானம். காற்று சீராக உள்ளே போனது. அன்று தனக்கு உதவியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார். டாக்டர். டேங்கர்க்காரர். குளிர்பெட்டியின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிய, பெயர் தெரியாத அந்த ஒல்லி ஆள். டீக்கடைக்காரர். மச்சினனுக்கும் மனைவிக்கும் வந்து சேர்வதற்குள் தூங்கிவிட்டார்.

முகத்தில் வெயில் பட்டு விழித்தார். தலை தெளிவாக இருந்தது. சோபாவில் இரண்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு அருகில் மடக்கு நாற்காலியில் மச்சினன். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்கலயா மாப்ள?"

"அடுத்தவங்க வீடு திறந்து கிடக்குது, எப்படித் தூங்கறது? இவங்க மாத்தி மாத்திப் பார்த்துக்கறேன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

மெஷினின் சின்னத் திரையை அவர் பார்த்தார். இரவு முழுவதும் பதிவாகியிருந்தது.

ஏற்றி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அத்தனை கைகள். மெஷின் மட்டும் மச்சினனின் மடியில் இருந்தது. ஏற்றி முடியும்வரை அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. புதுச் சீல் போட்டு, அதைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார்கள். டேங்கர்க்காரர் கிளம்பும்போது ஹாரனை நீளமாக அடித்துவிட்டுக் கையை ஆட்டினார்.

அவர் மனைவிக்குப் போன் செய்தார்.

"மெஷின் போட்டீங்களா?"

"போட்டேன். கட்டில்ல படுத்து நல்லாத் தூங்கினேன்."

"எந்தக் கட்டில்ல?"

"பல் டாக்டர் கட்டில்ல."



"ஆம்பள டாக்டரா, பொம்பள டாக்டரா?"

"முழுசாக் கேளு."

முழுசாகச் சொன்னார். போனில் இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. மெஷின் இல்லாமல் ஓட்டலாம் என்று நினைத்ததையும் சொன்னார். மறுமுனையில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பியாமே," என்றார்.

"யாரு சொன்னது?"

"உன் தம்பி."

"அவனுக்கு வாய் நீளம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? வாசல்ல போய்ப் படுத்திருப்பீங்க."

உண்மைதான். அப்படித்தான் செய்திருப்பார்.

"இப்பத் தூங்கறியா?"

"தூங்கறேன். அவன்தான் இருக்கானே."

வீட்டு ஆட்களிடம் நன்றி என்ற சொல்லைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"சரி, வச்சிடட்டுமா?" என்றாள்.

"இரு."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. டீ குடிச்சியா?"

"குடிச்சேன். நீங்க பார்த்துப் போங்க."

மச்சினன் சாவியை நீட்டினான். மெஷினைச் சீட்டுகளுக்கு நடுவில் வைத்து வாரால் கட்டினான். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் ஏறினான்.

"மலை முடிஞ்சதும் எழுப்புங்க மாமா."

"தூங்கு."

மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் தூங்கிவிட்டான். கனத்த உடம்புக்குக் குறட்டை மெல்லியதாக இருந்தது. அவர் ரேடியோவைப் போடக் கை நீட்டினார். போடாமல் விட்டுவிட்டார்.

மலை தொடங்கியது. முதல் வளைவிலேயே சாலை பெயர்ந்து கிடந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். சக்கரத்தை மெல்லப் பள்ளத்தில் இறக்கி, மெல்ல ஏற்றினார். பின்னாலிருந்து வந்த மூச்சைக் கவனித்தார். அது மாறவில்லை. அடுத்த வளைவுக்கு வண்டியைத் திருப்பினார்.